இருபத்திரண்டுக்கு ஒரு பெயர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். நுரையீரல் பரிசோதனை அறை டெக்னீஷியனான என்னிடம் புகையிலை ஒழிப்புக் குழுவின் பதிவேட்டை நீங்கள் ஒப்படைத்ததற்கு அதுதான் காரணம், டாக்டர். நான் சிகரெட் குடிப்பேனா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

நடந்ததை எழுத்தில் தரச் சொன்னீர்கள். தருகிறேன்.

ஆஸ்பத்திரி ஊழியர் நாற்பத்து மூன்று பேரும் மாதம் ஒருமுறை, மூச்சில் இருக்கும் புகையை அளக்கும் கருவியில் ஊத வேண்டும். எண் ஆறைத் தாண்டினால் அவர் புகைப்பவர். தொடர்ந்து மூன்று மாதம் தாண்டினால் வேலை இல்லை. இது உங்கள் விதி. நல்ல விதி. ஊதுவதற்கு முன் பதினைந்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். அந்தப் பதினைந்து விநாடி யாரும் பேச முடியாது. நாள் முழுவதும் எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

மே மாதம் முதல் ஆளாக நானே ஊதினேன். இருபத்திரண்டு. கருவி எண்களைச் சேமித்துக்கொள்ளும், அழிக்க முடியாது. ஆனால் பெயர்களைச் சேமிக்காது. பெயர் எழுதுவது என் வேலை. ஆக, இருபத்திரண்டுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

அடுத்து ஊதியவர் வாட்ச்மேன் மாடக்கண்ணு. அவருக்கு ஒன்று வந்தது. திரை என் பக்கம் இருந்தது. ஒன்றை என் பெயருக்கு நேரே எழுதினேன், இருபத்திரண்டை அவர் பெயருக்கு நேரே. இரண்டும் அழகாக அமைந்தன.

ஏன் மாடக்கண்ணு என்று கேட்டீர்கள். வரிசையில் அடுத்து நின்றார் என்பது ஒன்று. இன்னொன்று, அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். பிணவறைக்குப் பின்னால் நான் சிகரெட் குடிப்பது ஆஸ்பத்திரியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சாரல் அடித்தால் தீக்குச்சி பற்றாதே என்று குடையோடு வந்து நிற்பார். அப்படிப்பட்டவரை நம்பலாம்.

எண்ணைச் சொன்னதும் அவர் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, நான் பீடியக் கையால தொட்டதுகூட இல்லையே. ஒங்ககூட கொடை பிடிச்சு நின்னதுல ஏறியிருக்குமோ?" என்றார்.

இருக்கலாம் என்றேன். அது முழுப் பொய் அல்ல.

விதிப்படி அவருக்கு ஆலோசனை கொடுத்தேன். சுவிங்கமும் கொடுத்தேன். ஜூனில் இருபத்து நான்கு வந்தது. அந்த மாதம் எனக்கு வேலைப்பளு அதிகம். அவர் வீட்டில் ஊதுபத்தி கொளுத்துவதை நிறுத்தினார். விறகடுப்பை அணைத்துவிட்டு மூன்று வேளையும் கேன்டீனில் சாப்பிட்டார். அங்கே ஏசுவடியான் தோசையைத் திருப்பிக்கொண்டே, "ஏலே மாடக்கண்ணு, எங்கன வச்சுலே குடிக்க? எங்களுக்கும் அந்த எடத்தக் காட்டேன்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும்.

ஜூலையில் மறுபடி இருபத்திரண்டு. அவரை அனுப்பிவிட்டீர்கள். யாருக்குக் குடை பிடித்தார் என்று ஒரு வார்த்தை அவர் உங்களிடம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. போகும்போது குடையை என் அறை வாசலில் சாத்தி வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் அவர் இடத்துக்கு எபனேசர் வந்தான். இருபத்தொன்று என்றதும் என் கையிலிருந்து கருவியைப் பிடுங்கிக்கொண்டு உங்கள் அறைக்கு ஓடினான். "டாக்டர், இந்தா ஒங்க கண்ணு முன்னால ஊதுதேன். பாத்துட்டு அந்த ஆளையும் ஊதச் சொல்லுங்க." மீதி உங்களுக்குத் தெரியும். அவனுக்குப் பொறுமை குறைவு.

மாடக்கண்ணுவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு, கையோடு வேலைக்கு அழைத்து வரச் சொன்னீர்கள். நேற்று மாலை பழைய குற்றாலம் போனேன். அருவிக்குப் போகிறவர்களின் கார்களுக்கு அங்கே காவல் நிற்கிறார். வேலைக்குச் சேருகிறவர் முதலில் ஊத வேண்டும் என்பதால் கருவியையும் எடுத்துப் போயிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சாரலைப் பார்த்தபடி நின்றார். அவர் விரலிடுக்கில் பீடி இருந்தது.

"இது எப்போ பழகுச்சு?" என்றேன்.

"வேல போன மறுநாளு அண்ணாச்சி. உள்ள பொகை இருக்குன்னு மிஷினே சொல்லிட்டு. பெறகு எதுக்கு சும்மா இருக்கணும்னு தோணிச்சு. இப்ப ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு போகுது."

இவ்வளவு கேட்டபின் எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. குச்சி பற்றவில்லை. யாரோ ஒரு கார்க்காரர் விட்டுப்போன குடையை அவர் எனக்குப் பிடித்தார். அவர் பீடியிலிருந்தே பற்றவைத்துக்கொண்டேன்.

பிறகு அவரை ஊதச் சொன்னேன். பதினைந்து விநாடி இருவரும் பேசவில்லை. அருவி மட்டும் இரைந்தது. இருபத்திரண்டு. இந்த முறை திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

ஆகவே மாடக்கண்ணுவை மீண்டும் சேர்க்க வேண்டாம் என்று, குழுவின் செயலாளராகப் பரிந்துரைக்கிறேன். பழகிய ஆள் என்பதற்காக விதியைத் தளர்த்தினால் புகையில்லா ஆஸ்பத்திரி என்று வாசலில் போர்டு வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

பதிவேட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். மாடக்கண்ணுவின் பக்கத்தை இன்று மறுபடி நிதானமாகப் படித்துப் பார்த்தேன். பெயர் சரி, எண்ணும் சரி. தேதியை மட்டும் கொஞ்சம் முன்னதாகப் போட்டுவிட்டேன். அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன்.