ஜமக்காளத்தில் தங்கிய குண்டு

பெருந்துறையிலிருந்து கோவை செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில், இடக்காலில் இரும்புத் தாங்கி அணிந்த பெண்மணி தம் கணவரிடம் கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே மிளகளவு எஃகுக் குண்டு ஒன்று இருந்தது.

“ஏனுங்க, நம்ம காரோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரிச்சு, திரும்ப முழுசாப் பூட்டிப்போட்டேன்னீங்களே, இது ஏதுங்க?”

“எங்க கெடச்சுது அம்மணி?”

“ஊட்டுல நீங்க அதைப் பிரிச்சுப் பரப்புன ஜமக்காளத்தை உதறுனேன், உழுந்துது.”

அவர் குண்டை எடுத்து விரல்நுனியில் உருட்டிப் பார்த்தார்.

“கியர் மாறுறப்ப ஒரு குலுக்கல் இருந்துச்சு. ரோடு சரியில்லைன்னு நெனச்சுட்டேன். நாளைக்கு நீயே ஓட்டிட்டு வேலைக்குப் போறேன்னு இருந்தியே?”

“கிளட்ச் இல்லாத வண்டிதானுங்க எனக்கு ஆகும். பொறுத்துக்கறேன். பிரிங்க.”

“மறுபடி முழுசுமா?”

“முழுசுந்தான். கோடுபோட்ட ஜமக்காளத்துல இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுங்க. இந்தவாட்டி உங்க கல்யாண வேட்டியை விரிச்சுத் தாரேன்.”