உதிரிப் பழம்

— இந்தா பவானி, உதிரிப் பழம். கொட்டிட்டுப் பையக் குடுத்துரு.

— இன்னைக்குமா? ஈஸ்வரபாண்டியாரே, ஒங்க தோட்டத்துல திராட்சைக் கொத்தே நிக்காது போல. வாராவாரம் உதிருது.

— காத்து அப்படி. கழிவுதான... மாட்டுக்குப் போடுறத ஒனக்குத் தந்தேன்.

— ரொம்பப் பெரிய மனசு. ஓடைப்பட்டியிலருந்து பஸ்ஸுலயா வந்தீக?

— பஸ்ஸுக்கு எதுக்குத் தண்டம்? தேனிக்குப் பழம் ஏத்துன வண்டியில தொத்திக்கிட்டேன். ஆமா... தையல் மிஷின ஏன் சாக்குல சுத்தி வச்சிருக்க?

— கடையக் காலி பண்றேன். சாயங்காலம் எங்கண்ணன் வண்டியோட வாராக. திருப்பூர்ல அவுக வீட்டோட இருந்துக்கிறணுமாம்.

— திருப்பூரா...

— ஏன், இனிமே மாட்டுக்கே போடணுமேன்னு கவலையா?

— அட, நீ வேற. இங்கன வாடகை கூடிப்போச்சோ?

— வாடகையில என்ன இருக்கு? அம்மாவும் போயாச்சு. இங்கனயே இருன்னு சொல்ல யாரு இருக்கா?

— அங்கன தண்ணிக்கே காசு. தெரியும்ல?

— தெரியும்.

— அரிசியும் வெல கூட...

— தெரியும். வேற ஏதாச்சும் சொல்லணுமா?

— ஒருத்தருக்கு ஆக்குனாலும் ரெண்டு பேருக்கு ஆக்குனாலும் கேஸு ஒரே மாதிரிதான் செலவாகுதாம். கணக்குப் போட்டுப் பாத்தேன்.

— நீங்க ஒண்டியாத்தான பொங்கித் திங்கிறீக. ரெண்டாவது ஆளு யாரு?

— சும்மா... பொதுவாச் சொன்னேன்.

— சரி, நானும் பொதுவாக் கேக்குறேன். தானா உதிர்ந்த பழத்துல காம்பு இருக்குமா?

— ...இருக்காது.

— நீங்க கொண்டாந்ததுல இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் கத்திரி வச்ச காம்பு. துணி வெட்டுறவளுக்கு அது கூடவா தெரியாது?

— பவானி, அது வந்து...

— நல்ல கொத்தா அறுத்து, உக்காந்து ஒண்ணொண்ணா நறுக்கியிருக்கீக. எதுக்கு? அப்படியே குடுத்திருக்கலாம்ல?

— கொத்தாக் குடுத்தா அதுக்கு ஒரு அர்த்தம் வந்துரும். நீ வேணாம்னுட்டா என்னால தாங்க முடியாது. கழிவுன்னு குடுத்தா... பழத்தத்தான வேணாம்ங்கிறா, என்னைய இல்லயேன்னு மனசத் தேத்திக்கிட்டுப் போயிரலாம்.

— இதுலயும் நட்டம் வந்துறக் கூடாது. அப்படித்தான?

— அப்படித்தான். பயந்துட்டேன்... பவானி, அண்ணன வண்டி எடுக்க வேணாம்னு சொல்லிரு. நீ இங்கனயே இரு. என்கூட இரு. ஏதாச்சும் சொல்லேன். பழம் இனிச்சுச்சுன்னு கூட நீ ஒரு நாளும் சொன்னதில்ல.

— எப்படிச் சொல்றது? நீங்க மொதப் பை கொண்டார முன்னாடியே எனக்குச் சுகரு. இன்ன வரைக்கும் ஒரு பழம் வாயில வச்சதில்ல. வேணாம்னு சொன்னா நீங்க வரமாட்டீகல்ல... அதான் வாங்கிக்கிட்டே இருந்தேன்.