ஷீலா கீறிய கோடு

"ஹலோ... ஹலோ, சுனிலா? நான் ஜேசுராஜ் பேசறேன்ப்பா, ஏரவாடாலேருந்து... ஆமா, ஆமா, இரும்புப் படி வெல்டிங் பண்ணிக் குடுத்தியே, அதே வீடுதான்... இல்லப்பா, படி கல்லு மாதிரி நிக்குது. அதான் பிரச்சினையே. அத இன்னிக்கே வெட்டி எடுக்கணும்... தளேகாவ்லயா இருக்க? அடுத்த லோக்கல் ரயிலப் புடிச்சு வந்துரு. நாலு மணிக்கு மாதா கோயில்ல பூசை...

"என்ன பூசையா?... ஷீலாவுக்குப்பா... ஆமா. நீ அக்கா அக்கான்னு கூப்புடுவியே, அவளுக்குத்தான்... நேத்து சாயந்தரம். நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோ ஏறினோம், அவ்வளவுதான்... அழாதடா. அழாத. நீ அழுதா நான் எப்படிப் பேசுவேன்?"

ஜேசுராஜ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே சவப்பெட்டியில் அவர் மனைவி ஷீலா இருந்தாள். வெளியே அவர் வைத்த படிக்கட்டு வழியை மறித்து நின்றது.

அந்தச் சந்தில் பிளான் போட்டு வீடு கட்டியவர் எவருமில்லை. கீழே மாவு மில், மேலே டியூஷன், அதற்கும் மேலே தையல் மிஷின் என்று அவரவர் வசதிக்கு ஏற்றிக்கொண்டே போனார்கள். எழுதாத சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பாடையோ பெட்டியோ, நாலு பேர் தோளில் திரும்புகிற அளவுக்கு வழி விட வேண்டும். மாடியைத் தனியாக வாடகைக்கு விடும் ஆசையில் ஜேசுராஜ் சந்தில் படி வைத்து அதையும் மீறினார்.

"காலிப் பொட்டிய நிமித்தி உள்ள கொண்டாந்துட்டாங்க... இப்ப அவள வச்சு எடுக்கணுமே. 'நிக்க வச்சு சாச்சுக் கொண்டுபோயிரலாம்'ங்கறாங்க. ஏன்டா, படுத்திருக்கறவள எப்படிடா நிக்க வைக்கறது?... எதிர் வீட்டு மங்கையர்க்கரசி, 'எங்க சமையக்கட்டுச் சுவர இடிச்சுக்கோங்க'ன்னு கடப்பாறையோட வந்து நிக்கறாங்க... எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இடிக்கறது? வழிய அடைச்சவன் நானு...

"ஞாபகம் இருக்கா? தரையில ஆணியால கோடு கீறினாளே... ம்... ம்... 'இதத் தாண்டி வைக்காதீங்க, பொட்டி திரும்பாது'ன்னா. 'உனக்கு இப்ப என்னடி அவசரம்?'னு கேட்டேன். நீயும் சிரிச்ச... ஐயோ, உன்னக் குத்தம் சொல்லலப்பா. நாந்தான... நாந்தான கேட்டேன்."

அவர் குனிந்து படியின் அடியில் கிடந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தார். மாவு மில் இன்று ஓடவில்லை.

"என்னது?... கழட்டி வச்சுட்டு அப்புறமா மாட்டிக்கலாமா?... வேணாம்... வேணாம்ப்பா. கோடு இன்னும் அப்படியே இருக்கு சுனில். அது வரைக்கும் வெட்டிரு. இப்பவாவது அவ சொன்னதக் கேட்டுக்கறேன்... ஹலோ?... சுனில்?... ஹலோ..."