உடம்பில் ஒட்டாத இரும்பு

டீ விஷயத்தில் என் தங்கச்சி முரண்டு பிடிப்பாள். நான் போட்டுக் கொடுத்தால்தான் குடிப்பாள். நன்றாகக் கொதித்து ஸ்ட்ராங்காக இருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர், நீங்கள் அதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னதால் சொல்கிறேன்.

நான் மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்கிறவள். இரும்புச் சத்து மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் நானாகவே சொல்வேன்: "டீ, காபியோட போட்டுடாதீங்கம்மா, உடம்புல ஒட்டாது. கால்சியத்தையும் கூடவே போடாதீங்க, அது இதை உள்ள விடாது. இது காலைல, அது ராத்திரி." பாதிப் பேர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நான் மறந்ததில்லை.

அம்மா போனபோது தங்கச்சி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக என் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டேன். அப்புறம் அது தானாகவே தள்ளிப் போய்விட்டது. அவள் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை கோப்பையாக வாங்கி வந்தாள். துடைத்து அடுக்கியது நான். படித்து முடித்ததும் தொலைவில் ஒரு விடுதிப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னாள். என்னை விட்டுப் போகிறோமே என்று முகத்தில் ஒரு சின்ன வருத்தம்கூட இல்லை.

உடல் தகுதிச் சோதனையில் ரத்தம் குறைவு என்று வந்தது. மாதா மாதம் அவளுக்கு உதிரப்போக்கு அதிகம். ரத்தம் ஏறியதும் வந்து சேரலாம் என்றது பள்ளி. டாக்டர் இரும்பும் கால்சியமும் எழுதிக் கொடுத்தார். மருந்தை என் பொறுப்பில் விட்டாள். ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை. தினமும் காலையில் இரண்டு மாத்திரையையும் சேர்த்து அவள் உள்ளங்கையில் வைத்து, டீயைக் கையில் கொடுப்பேன்.

"ஒழுங்காத்தானே போடறேன், ஏன்க்கா ஏறவே மாட்டேங்குது?"

"சில பேரு உடம்பு வாகு அப்படிடீ. மெதுவாத்தான் ஏறும்."

இரும்பை ஊசியாகவே ஏற்றிவிடலாம் என்றார் டாக்டர். அது நேராக ரத்தத்தில் கலந்துவிடும். அவளுக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது, சின்ன வயதில் ஒரு முறை உயிருக்கே ஆபத்தாகிவிட்டது என்று சொல்லித் தடுத்தேன். வளர்த்தவள் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

உதடு வெளுத்தது. கால் வீங்கியது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. பந்தயத்தில் ஓடியவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு நடந்தாள். பொய் சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

போன வாரம் திடீரென்று சொன்னாள்: "வேற டாக்டரைப் பாக்கப் போறேன்க்கா. ஊசி என்ன ஆனாலும் பரவால்ல. நீ வரவேணாம்."

தனியாகத்தான் படியிறங்கினாள். பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா... ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

போன் என் கையில்தான் இருந்தது. கூப்பிட்டால் வருவார்கள், ரத்தம் ஏற்றுவார்கள், தேறிவிடுவாள், போய்விடுவாள். போனைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டேன். மூச்சு அடங்கும்வரை முடியைக் கோதிக்கொண்டே இருந்தேன். என்னைத் தவிர அவளை அப்படிப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.