கேப்டன் படத்தில் பதினொரு முதுகுகள்

பழைய ஓவியத்தைச் சுத்தம் செய்ய எச்சிலை மிஞ்சியது எதுவும் கிடையாது, ஐயா. குச்சியில் பஞ்சைச் சுற்றி, நாக்கில் நனைத்து, மெல்ல உருட்ட வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அப்படி நான்கு மாதம், சம்பளம் வாங்கிக்கொண்டே ஒரு கேப்டனின் முகத்தில் எச்சில் தடவினேன்.

வெள்ளைக்காரன் காலத்துப் படம். ஆளுயரம். கேப்டன் என்று பேர்தான். போர்க்களம் எந்தத் திசையில் இருந்தது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. நிலம் இருந்தது, பட்டம் தேடி வந்தது. நெஞ்சில் ஏழு பதக்கம். தொந்தியை உள்ளே இழுத்துப் பிடித்ததில் முகம் சிவந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் அவர் வயல். அழுக்கு போகப்போக, வயலின் வலது ஓரத்தில் அரிசியளவில் பதினொரு முதுகுகள் தெரிந்தன. குனிந்து வேலை செய்கிறவர்கள்.

படத்தின் சொந்தக்காரர், அதாவது கேப்டனின் கொள்ளுப்பேரன், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா இது, ஈ எச்சமா?"

"ஆளுங்க சார்."

"ஆளுங்கதானே? துடைச்சிடுங்க. அப்புறம், தாத்தா மூஞ்சி இருக்கிற இடத்துல என் மூஞ்சி வரணும்."

அவர் மனைவி சிரித்தார். "இவரு துடைக்கிற ஆளு. வரையறதுக்கு ஓவியரைக் கூப்பிடுங்க."

அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. சிரித்தபோது இடது கடைவாயில் ஒரு தங்கப்பல் தெரிந்தது, அவ்வளவுதான். நான் செய்தது அந்தப் பதினொரு பேருக்காக. அவர்களுக்காக ஒருத்தனாவது கேட்க வேண்டாமா?

"எனக்கே வரையத் தெரியும் சார். நீங்க உட்கார்ந்தா போதும்" என்றேன்.

ஒன்பது நாள் உட்கார்ந்தார். கேப்டனின் பழைய கோட்டையே மாட்டியிருந்தார். பொத்தான் எட்டவில்லை. முதுகுப்பக்கம் கிழித்து ஊசி குத்தியிருந்தார். முன்னால் கம்பீரம், பின்னால் ஊசி. கடைசி நாள், ஈர வண்ணத்தில் தூசி படியும் என்று சொல்லிக் கதவு ஜன்னலெல்லாம் அடைத்தேன். வண்ணம் கரைக்கும் திரவத்தை நான்கு அகலத் தட்டுகளில் ஊற்றி அவர் காலடியில் வைத்தேன். அதன் ஆவி மூக்கில் ஏறாமலிருக்க நான் முகமூடி போட்டிருந்தேன். அவருக்கு எப்படிப் போடுவது? முகத்தையல்லவா வரைகிறேன்.

"தலை சுத்துதுய்யா" என்றார்.

"இப்பத்தான் சார் முகத்துல அந்தக் களை வந்திருக்கு. அசைஞ்சா போயிடும்."

அசையவில்லை. பாட்டன் போர்க்களத்தில் காட்டாத வீரத்தைப் பேரன் நாற்காலியில் காட்டினார். சற்று நேரத்தில் மூச்சும் அசையவில்லை. அப்படி அடங்கி உட்காருகிறவர் கிடைப்பது அபூர்வம். காதையும் தாடையையும் அதற்குப் பிறகுதான் நிதானமாக முடித்தேன்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதியதை அடித்துவிடுங்கள். கொன்றது நான்தான்.

இன்னொரு திருத்தம். என் வாக்குமூலத்தில் தொழில் என்ற இடத்தில் 'படம் துடைப்பவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஓவியர் என்று மாற்றுங்கள். சந்தேகமிருந்தால் படத்தைப் போய்ப் பாருங்கள். வலது ஓரத்தில், வயலின் மேல், என் கையெழுத்து பெரிதாகவே இருக்கிறது.

அந்தப் பதினொரு பேரா? அங்கேதான் இருந்தார்கள். துடைத்துவிட்டேன். கையெழுத்துக்கு வேறு நல்ல இடம் இல்லை, ஐயா.