பின்வரிசை, இடமிருந்து மூன்றாவது

இங்கிலாந்துக்காரர்கள் மழையைப் பற்றி எழுதினால் அப்படியே நம்பிவிடக் கூடாது. தூறலைத்தான் அவர்கள் மழை என்கிறார்கள். லிட்டில் தோர்ன்பெக் என்ற கிராமத்தின் இணையதளத்தில் 1952ஆம் வருடத்துப் பெருமழை பற்றிப் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ரங்கூனில் நாங்கள் குடியிருக்கும் தாமுவேயில் ஜூலை மாதத்து ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கெல்லாம் நாங்கள் குடையை எடுக்க மாட்டோம்.

நான் அந்த ஊருக்குப் போனதில்லை. இங்கிலாந்துக்கே போனதில்லை. ரங்கூனை விட்டு அதிகபட்சம் போனது, பாலம் தாண்டி தன்லியினில் ஒரு கல்யாணத்துக்கு. போய்ச் சேர்ந்தபோது பிரியாணி தீர்ந்திருந்தது.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் மொழிப்பற்று இல்லை. லிட்டில் தோர்ன்பெக்கில் யாருக்கும் தமிழ் தெரியாது.

2006இல் எனக்கு இருபது வயது. பெயர் பர்கத்துல்லா. தொலைக்கல்வியில் ஆங்கிலம் படித்தேன். தொலைக்கல்வி என்றால் வருடத்தில் பத்து நாள் வகுப்பு. மீதி நாள்களில் நீங்கள் மாணவர் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பத்து நாளில் பக்கத்து இருக்கைக்காரனின் பெயரைத் தெரிந்துகொள்ளலாம், நண்பனாக்க முடியாது. உம்மா இல்லை. வாப்பா விடியுமுன் போட்டாதாங் துறைமுகத்துக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போவார், வந்ததும் தூங்குவார். எங்களுக்குள் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை உண்டு. "தின்னியா?" என்பார். நான் தலையாட்டுவேன்.

எளிய ஆங்கிலம் நிறைய வாசி என்று ஆசிரியை சொன்னதால் அஜ்மல் நானாவின் இணையக் கடைக்குப் போனேன். அங்கேதான் அந்தத் தளம் அகப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் தங்கள் சிறுவயதையும் ஊர் வரலாற்றையும் எழுதிச் சேர்த்துவைக்கும் இடம். எந்தக் கடையில் மிட்டாய் கடனாகக் கொடுப்பார்கள், தேவாலய மணி எந்த வருடம் விரிசல் விட்டது, யார் யாரைக் காதலித்து யாரைக் கட்டினார்கள். ஒரு மாதத்தில் எல்லாம் மனப்பாடம். நான் குடியிருக்கும் தெருவைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரியாது.

அதில் 1952ஆம் வருடத்துப் பள்ளிக்கூடப் படம் ஒன்று. கீழே பெயர்கள். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது பையன் தலையை அசைத்துவிட்டதால் முகம் கலங்கியிருந்தது. அவனுக்கு நேராக எழுதியிருந்தது: 'தெரியவில்லை. யாருக்காவது நினைவிருக்கிறதா?'

ஓர் ஊரே ஓர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, யாராவது வருகிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தது. என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. தெருவில் என்னைக் 'கலா' என்பார்கள், அதாவது இந்தியாவிலிருந்து வந்தவன். நாகூர்ச் சொந்தங்கள் 'பர்மாக்காரன்' என்பார்கள்.

'அது நான்தான். பெயர் டெரக் பார்ன்ஸ்' என்று எழுதினேன். உடம்புக்கு முடியாத பையன், பள்ளிக்கு அதிகம் வந்ததில்லை, ஒன்றரை வருடத்தில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டேன். இப்படி எழுதியதில் ஒரு வசதி இருந்தது. யாருக்கும் என்னை நினைவில்லாதது அவர்களுடைய தவறாகிவிட்டது. தளத்தை நடத்தும் பிரெண்டா அம்மையார் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட்டார்: 'வா டெரக். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய்?' மறுநாள் இரண்டு பேருக்கு என்னை நினைவு வந்தது. அந்த வாரக் கடைசியில் ஒருவர் எனக்கு இருமல் இருந்தது என்றார்.

சோதித்துப் பார்ப்போமே என்றுதான் வாத்தை விட்டேன். எங்கள் சந்தில் நான்காவது வீட்டில் தபால்காரரை மட்டும் குறிவைத்துக் கடிக்கும் பெருவாத்து ஒன்று இருந்தது. அதைத் தூக்கி, சிறுவயதில் என்னைத் துரத்தியதாக எழுதி, லிட்டில் தோர்ன்பெக்கின் பாலத்தடியில் விட்டேன். நான்கு பேர் தங்களையும் அது துரத்தியதாக எழுதினார்கள். அதன் பெயர் பெர்சி என்று ஒருவர், ஹொரேஸ் என்று இன்னொருவர், அவர்களுக்குள் கொஞ்சம் மனவருத்தம்கூட வந்தது. ஒரு பாட்டியம்மா கணுக்காலில் தழும்பு இருப்பதாகச் சொன்னார். இதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அஜ்மல் நானா ஒருநாள் லப்பயே தேநீர்க் கோப்பையை வைக்க வந்தவர், திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னாடா தம்பி, தெனம் இதே சர்ச்சும் பாலமுமா இருக்கு? எந்த ஊருடா இது?"

"எங்க ஊரு நானா."

"ஒங்க தாத்தாக்கு நாகூரு. ஒனக்குத் தாமுவே. நடுவுல இந்த வெள்ளக்கார ஊரு எங்கேருந்துடா பொறந்துச்சு?" என்று சிரித்தார். "அங்க பொண்ணு கிண்ணு பாத்து வச்சிருக்கியா?"

"எல்லாத்துக்கும் எழுபது வயசு நானா."

"அப்ப டீயக் குடி. ஆறிப்போவுது."

யோசிக்காமல் வாயில் வந்ததுதான், எங்க ஊரு என்பது. அன்று முழுதும் சந்தோஷமாக இருந்தேன்.

2007 மே மாதம் வில்பிரெட் என்பவரிடமிருந்து தனி மடல் வந்தது. எழுபத்தாறு வயது, தனிக்கட்டை. முன்பு பால் லாரி ஓட்டியவர். இப்போது பள்ளிக்கூட வாசலில், வட்டப் பலகை மாட்டிய கம்பைப் பிடித்து வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைப்பவர். அவர் எழுதியது இது:

'உங்கள் பெயர் எதுவாக இருந்தாலும் சரி. அந்தப் பையன் என் தம்பி ஸ்டான்லி. நாங்கள் அந்த வருடம்தான் ஊருக்கு வந்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் அவன் மூன்று வாரம்தான் இருந்தான். தலையை ஆட்டாமல் இருக்க அவனால் முடியாது. பிறகு அப்படிப்பட்ட பிள்ளைகளை அடைத்துவைக்கும் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேயே இறந்துபோனான். அவன் பெயரை வெளியே எடுக்கக் கூடாது என்றார் அம்மா, நானும் எடுக்கவில்லை. ஐம்பத்தைந்து வருடமாக அந்த இடம் சும்மா கிடக்கிறது. நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே வாத்து எதுவும் கிடையாது.'

நல்ல மனிதர். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. நான்கு மாதம் எழுதிக்கொண்டோம். நீ யார், எங்கிருக்கிறாய் என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. ஸ்டான்லிக்கு ரொட்டியில் சர்க்கரை தூவிக் கொடுத்தால் போதும் என்பார். ரயில் சத்தம் கேட்டால் கதவின் பின்னால் ஒளிவான் என்பார். நான் அவற்றை டெரக்கின் நினைவுகளாகத் தளத்தில் எழுதினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி மறுபடி ஊருக்குள் நடமாடுவதுபோல இருந்திருக்கலாம். அப்படிப் பார்த்தால் அது நான் அவருக்குச் செய்த உதவி.

ஒரு மடலில் ஐவியைப் பற்றிச் சொன்னார். 1953 கோடையில் ஆற்றில் மூழ்கிய ஆறு வயதுச் சிறுமி. அன்று சாயங்காலம் ஊர் ஆண்கள் எல்லோரும் தண்ணீரில் இறங்கித் தேடினார்கள். வில்பிரெட்டும் இறங்கினார். கிடைக்கவில்லை. மறுநாள் வேறு யாரோ கண்டெடுத்தார்கள். தொடைவரை நனைந்த கால்சட்டையோடு வீட்டுக்கு வந்து, காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாராம். 'இந்தக் கம்பு பிடிக்கிற வேலையை ஏன் கேட்டு வாங்கினேன் என்று யாரும் கேட்டதில்லை. உங்களிடம் சொல்கிறேன்' என்று முடித்திருந்தார்.

செப்டம்பரில் பிரெண்டா, தளத்தில் உள்ளதையெல்லாம் புத்தகமாகப் போடப்போவதாக அறிவித்தார். பள்ளிப் படத்தின் பெயர்களை வில்பிரெட்டிடம் காட்டிச் சரிபார்ப்பாராம், இருப்பவர்களில் அவர்தான் மூத்தவராம். அன்று மாலையே வில்பிரெட் எனக்கு எழுதினார்: 'சனிக்கிழமை பிரெண்டா வருகிறாள். பயப்படாதீர்கள். டெரக் என்றே சொல்லிவிடுகிறேன்.'

அந்த மடலை நான் நேரத்தில் பார்க்கவில்லை என்று இங்கே எழுதலாம். அன்று மின்சாரம் இல்லை. ஆனால் அஜ்மல் நானாவிடம் ஜெனரேட்டர் இருந்தது. பார்த்தேன். இரண்டு முறை வாசித்தேன்.

எங்கள் வீட்டில் அந்நியர் பதிவு அட்டை என்று ஒன்று உண்டு. தாத்தா காலத்திலிருந்து இங்கேயே பிறந்து இங்கேயே செத்தாலும், வருடாவருடம் போய்ப் புதுப்பிக்க வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் நல்லவர்தான், சிரித்துக்கொண்டே முத்திரை குத்துவார். அவர் சிரிக்கிற வரையில் நீங்கள் இருக்கலாம். லிட்டில் தோர்ன்பெக்கிலும் எனக்கு ஒரு மேசை வந்துவிட்டது. அதன் பின்னால் வில்பிரெட் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து தளத்தில் ஐந்து வரி எழுதினேன்:

'ஐவி காணாமல்போன அன்று மத்தியானம் வில்பிரெட் ஆற்றங்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. மீன் பிடித்திருப்பார் என்றுதான் அப்போது நினைத்தேன். யாரையும் குறை சொல்லவில்லை. பாவம், ஊருக்குப் புதிதாக வந்தவர்.'

நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. நேரத்தை மட்டும் மாற்றினேன். கடைசி வரியை எங்கே வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அது என் மேல் நிறையத் தடவை வைக்கப்பட்டிருக்கிறது.

பிரெண்டா சனிக்கிழமை வில்பிரெட் வீட்டுக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஒருவருக்கு நனைந்த கால்சட்டை நினைவு வந்தது. புதன்கிழமை இன்னொருவருக்கு, வில்பிரெட் கையில் சிறுமியின் ரிப்பன் இருந்ததுகூட நினைவு வந்தது. ரிப்பன் என்னுடையதில்லை. ஐம்பத்தைந்து வருடம் அங்கே வாழ்ந்த மனிதரை 'அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்' என்று எழுதினார்கள். அதுவும் என்னுடையதில்லை.

மாதக் கடைசியில் நாடு முழுக்க இணையத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த நாள்களில் ரங்கூன் தெருக்களில் பிக்குகள் ஊர்வலம் போனதும் ராணுவம் சுட்டதும் உங்களுக்குத் தெரியும். வாப்பாவும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். "தின்னியா?" என்றார். அவரிடம் வேறு ஏதாவது பேசலாம் என்று பார்த்தேன். என்னிடம் இருந்த சங்கதியெல்லாம் லிட்டில் தோர்ன்பெக்கில் இருந்தது.

இணைப்பு திரும்பியபோது வில்பிரெட்டின் மூன்று மடல்கள் காத்திருந்தன. முதலாவது: 'நேரத்தைக் குழப்பிக்கொண்டீர்கள். அது சாயங்காலம். ஒரு வரி எழுதித் திருத்திவிடுங்கள்.' இரண்டாவது: 'விஷயம் தெளியும்வரை கம்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன். உங்கள் வரி வந்தால் நல்லது.' மூன்றாவது: 'இன்று மழை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். பிள்ளைகள் தாங்களாகவே கடந்தார்கள்.'

பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன். திருத்தினால் டெரக்கின் ஞாபகம் தவறக்கூடியது என்றாகும். பிறகு இருமல் போகும், ரொட்டிச் சர்க்கரை போகும், கடைசியில் பின்வரிசையும் போகும். இணையம் இல்லாமல் போனதால்தான் திருத்த முடியவில்லை என்று கொஞ்ச காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். இணையம் நின்றது இரண்டு வாரம். அது வந்தபின் அவர் ஏழு வாரம் உயிரோடு இருந்தார்.

டிசம்பரில் பிரெண்டா எழுதினார். வாசலில் பால் புட்டிகள் எட்டு நாளாகச் சேர்ந்திருப்பதைப் பார்த்து யாரோ கதவை உடைத்தார்களாம். அடக்கத்துக்குப் பாதிரியாரும் பால்காரரும் மட்டும் போனார்களாம்.

முகத்தைப் பார்த்து அஜ்மல் நானா எழுந்து வந்தார்.

"என்னாடா? யாரும் மவுத்தா?"

"எங்க ஊர்ல ஒருத்தர் நானா."

"இன்னாலில்லாஹி. சொந்தமா?"

"எனக்கு அண்ணன் மொறை."

அவர் என் தோளில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "அழுதுருடா தம்பி. உள்ளுக்குள்ளயே வச்சிக்கிட்டு இருக்காத," என்றார். உம்மா போனபின் என் தோளில் யாரும் கை வைத்ததில்லை. அழுதேன். அது நடிப்பில்லை.

புத்தகம் அடுத்த வருடம் வந்தது. படத்தின் கீழே என் பெயர் இருக்கிறது.

நான்தான் அவரைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 'டெரக் என்று யாரும் கிடையாது, அது என் தம்பி' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். கடைசிவரை சொல்லவில்லை. வாக்குக் கொடுத்திருந்தார் என்பீர்கள். முகம் தெரியாத ஒருவனுக்குக் கொடுத்த வாக்குக்காக ஒரு மனிதர் அவ்வளவையும் தாங்கிக்கொள்வாரா? மடியில் கனமில்லாதவர் வாய் திறந்திருக்க மாட்டாரா?

நேரத்தை மாற்றினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். இப்போது அதை அடித்துவிடத் தோன்றுகிறது. அவர் கரையேறி வந்தபோது பாலத்துக் கல்லில் கை வைக்க முடியாதபடி வெயில் இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது மத்தியானம்தான்.