மாமாவுடன் ஒரு விடுமுறை

விடுமுறை என்று போனால் போன இடத்தில் முழுதாக இருந்துவிட்டு வரவேண்டும், ஐயா. பாதியில் மூட்டை கட்டுவது எனக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்திலும் மணி அடிக்கும்வரை பாடத்தை நிறுத்தாதவன் நான்.

என் மாமனாருடையது திருக்கை மீன் குத்தியதால் வந்த மரணம் என்று, மரண விசாரணை அதிகாரியான நீங்கள் முடிவு கட்டிவிட்டதாக என் மனைவி பூரணம் சொன்னாள். குத்தியது உண்மைதான். ஆனால் முழுப் பழியையும் ஒரு மீனின் தலையில் கட்டுவது நியாயமாகப் படவில்லை. அதனால்தான் நானே வந்தேன்.

இந்த ஆவணியில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. சாவகச்சேரியில் எல்லாரும் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி அடுக்கினார்கள். நான், ஒரு தீவுக்குப் போய் இருந்துவிட்டு வருவோம் என்றேன். நானும் பூரணமும் இருப்பது அவளுக்குச் சீதனமாக வந்த வீடு. அவளைப் பெற்ற ஏரம்பு மாமாவும் ஞானாம்பிகை மாமியும் எங்களோடுதான். வீடு யாருடையது என்பதை மாமா ஒரு நாளும் மறந்ததில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து மருமோன் என்று ஒருமுறையும் கூப்பிட்டதில்லை; யாரோ ஓர் ஆளைச் சுட்டுவதுபோல, அவருக்கு நான் "உவர்" தான். "உவருக்கு என்ன தெரியும்?" "உவரைக் கேட்டு என்ன வரப்போகுது?" நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுவார்.

கொழும்புத்துறைக் கிறகோரி தன் வள்ளத்தில் எங்களைக் கொண்டுபோய், எங்களோடேயே தங்கினான். ஆளில்லாத சின்னத் தீவு. மீன்பிடிகாரர் விட்டுப்போன ஓலைக்கொட்டில் ஒன்று, ஓரமாகத் தாழை, சுற்றிவர வெள்ளை மணல். குடிக்கிற தண்ணீர் நாங்கள் குடங்களில் கொண்டுபோனதுதான். மாமா இறங்கியதும், "உவற்றை மூளையைப் பார். வெயில் காய ஊரிலை இடமில்லையாக்கும்," என்றார். சொல்லிக்கொண்டே முழங்காலளவு தண்ணீருக்குள் நடந்தார். திருக்கை குத்தியது அப்போதுதான்.

பொழுதுபடுமுன் கால் வீங்கிக் காய்ச்சல் பிடித்தது. அவருக்குச் சலரோகம் என்கிற சீனி வருத்தம் வேறு.

"மாஸ்ரர், காலமை வெள்ளனக் கொண்டுபோயிடவேணும்," என்றான் கிறகோரி. "வெயில் ஏறினாச் சோழகக் காத்துத் தூக்கும். பிறகு உந்த வள்ளம் தாங்காது."

விடிந்ததும் அவன் வள்ளத்தை இழுக்கப் போனான். நான், "எங்கை போறாய், கிறகோரி?" என்று கேட்டுவிட்டேன். வெளிக்கிடுகிறவனை எங்கே என்று கேட்கக்கூடாது, தூரமோ என்றுதான் கேட்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமிக்கு முகம் கறுத்தது.

"நோயாளியோடை கடல் ஏறேக்கை உப்பிடியே கேக்கிறது? எல்லாரும் இருந்து தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுவம்."

"உதெல்லாம் பாத்தா நாங்கள் ஒரு நாளும் தொழிலுக்குப் போகேலாது அம்மா."

"நீ வேதக்காரன். சேர்ச்சுக்குப் போறவனுக்கு உது விளங்காது."

இருந்து, தண்ணீர் குடித்து, மாமி தேவாரம் ஒன்று பாடி முடிக்கச் சோழகம் எழும்பிவிட்டது. அன்று நான் வாய்தவறித்தான் கேட்டேன். அதை நீங்கள் நம்பலாம்.

அன்று மத்தியானம் மாமா என் கையைப் பிடித்தார். "மருமோன், கிட்ட இரும்," என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன், கஞ்சி பருக்கினேன். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். ஆஸ்பத்திரியில் குணமாகி எழும்பினால் மறுபடியும் உவர்தானே என்று ஒரு கவலை வந்தது.

அடுத்த நாள் மாமி என்னை வாய் திறக்க விடவில்லை. நான் தும்மினேன். ஒற்றைத் தும்மல். இரட்டையாகத் தும்மியிருந்தால் குற்றமில்லை, பயணம் போயிருப்போம். மூக்கில் மிளகாய்த்தூளை வைத்தவன் ஒன்றோடு நிறுத்துவது லேசான காரியமில்லை, ஐயா.

அதற்கடுத்த நாள் மாமி என்னைத் தீவின் மற்றக் கோடிக்குத் துரத்திவிட்டா. எங்களிடம் மிஞ்சியிருந்த கடைசித் தண்ணீர்க்குடம் அங்கேதான் தாழை நிழலில் இருந்தது. அவர்கள் மாமாவைத் தூக்கிக்கொண்டு வள்ளத்துக்கு நடக்கும்போது, நான் குடத்தோடு எதிரே வந்தேன். நிறைகுடம் எதிர்ப்பட்டால் நல்ல சகுனம். அதனால் தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டுத்தான் வந்தேன்.

வெறுங்குடத்தைக் கண்டதும் மாமி அப்படியே மணலில் குந்திவிட்டா. பூரணம் அழுதாள், கிறகோரி கத்தினான். மாமியைத் தேற்றி முடிக்கச் சோழகமும் எழும்பிவிட்டது; மாமாவைத் திரும்பவும் கொட்டிலுக்குக் கொண்டுபோனோம். வெயில் ஏற அவர் தண்ணீர் கேட்டார். "மருமோன், ஒரு மிடறு," என்றார். நான் கையை விடவில்லை. பின்னேரம் அவருடைய பிடிதான் தளர்ந்தது.

கொன்றாயோ என்று கேட்டால், ஓம், நான்தான். ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு கசப்பும் இல்லாமல் இருந்தது அந்தக் கொட்டிலில்தான். மாமா இருந்தால் அவரும் அதையே சொல்லுவார்.

மாமிதான் பாவம். தானே பயணத்தை மறித்துச் சாகடித்ததாகச் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறா. "மருமோன், நான் பாவி," என்று என் தோளில் சாய்ந்து அழுகிறா. அவவும் முன்பு என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கிறகோரி இனி வரமாட்டான், வேறு வள்ளம் பேசியிருக்கிறேன். உங்கள் அலுவல் முடிந்ததென்றால், பள்ளிக்கூடம் தொடங்குமுன் மாமியையும் ஒருக்கால் கடற்காற்றுப்படக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.